பாட்டில் மூடி அளவு சிவப்பு

"சிவந்திருக்கும், தக்காளி இல்லை. வீங்கியிருக்கும், பலூன் இல்லை. சுடும், அடுப்பு இல்லை. தொட்டா கத்த வைக்கும், கணக்கு வாத்தியார் இல்லை. அது என்ன, சொல்லு பார்க்கலாம்!"

காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்த சிறுமி யோசிக்கவே இல்லை.

"எங்கம்மா முகம்!"

"வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்றாள் அம்மா.

விடுகதை போட்ட இளம் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இல்லடா கண்ணு, அதுக்குப் பேர் அழற்சி. வேண்டாத ஆள் உடம்புக்குள்ள நுழைஞ்சா, உள்ளே இருக்கிற காவல்காரங்க எல்லாம் ஓடி வந்து சண்டை போடுவாங்க. அந்தக் கலாட்டாதான் சிவப்பும் வீக்கமும்."

அந்தக் கலாட்டாவை அடக்க அவர் ஒரு களிம்பு கண்டுபிடித்திருந்தார். மூன்று வருட உழைப்பு. அதைச் சோதித்துப் பார்க்கக் கிடைத்த முதல் ஆள் இந்தச் சிறுமி. இரண்டு கையிலும் தடுப்பூசி. ஒரு கையில் டாக்டருடைய களிம்பு, மறு கையில் மருந்தில்லாத வெறும் களிம்பு. எந்தக் கையில் எது என்பது பெரிய டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஊசி போட்ட இடத்தின் சிவப்பைக் காலையில் நர்ஸ் அளப்பார். மாலையில் டாக்டர் அளப்பார்.

அங்கேதான் வந்தது வம்பு. நர்ஸ் அளந்தால் இரண்டு கையும் ஒன்று போலவே இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு. டாக்டர் அளந்தால் வலது கை பொத்தான், இடது கை பாட்டில் மூடி!

டாக்டர் நேரே பெரிய டாக்டரம்மாவிடம் போனார்.

"மேடம், அந்த சிமெண்ட் சிஸ்டரை வேற வார்டுக்கு மாத்துங்க." நர்ஸுக்கு அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். "சிரிக்கவும் மாட்டாங்க, முறைக்கவும் மாட்டாங்க. பிள்ளைங்க வார்டுல இப்படி ஒரு முகமா? போதாததுக்கு அளக்கவும் தெரியலை."

"நீங்க எப்படி அளப்பீங்க?"

"அன்பா, மேடம்! விடுகதை போட்டு, சிரிக்க வெச்சு..."

"முடிவு எப்படி வரணும்னு குழந்தைகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"சேச்சே! எது வந்தாலும் சரி, உண்மைதான் வேணும்னு சொல்லியிருக்கேன்."

"சாயங்காலம் நானே வந்து பார்க்கிறேன். தப்பு அந்தம்மா மேலன்னா மாத்திடலாம்."

மாலை. டாக்டர் சிறுமியின் இடது கைச் சட்டையை மெல்லச் சுருட்டிவிட்டார். வாயெல்லாம் பல்.

"பாருங்க மேடம். பாட்டில் மூடி!"

பெரிய டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். பிறகு பக்கத்தில் நின்ற நர்ஸிடம் திரும்பினார்.

"சிஸ்டர், ஸ்பிரிட்ல நனைச்சு ஒரு பஞ்சு குடுங்க."

ஒரே துடை. பாட்டில் மூடி பொத்தானாகிவிட்டது. பஞ்சுக்கு வந்துவிட்டது சிவப்பு.

"இந்த அழற்சி ஸ்கெட்ச் பேனாவில இருந்து வந்த மாதிரி இருக்கே. யார் வேலை, டாக்டர்?"

"ஐயோ, சத்தியமா நான் இல்லை மேடம்!"

"அடிப்பாவி!" என்று அம்மா தலையணையைத் தூக்கினாள். அடியில் சிவப்புப் பேனா. "இதைக் காணோம்னு கட்டிலுக்கு அடியெல்லாம் தவழ்ந்து தேடினேனே!"

"நான்தான்" என்றாள் சிறுமி. "முதல் நாள் ரெண்டு கையும் ஒண்ணாவே இருந்துச்சு. டாக்டர் அங்கிள் பரவாயில்லன்னுதான் சொன்னாரு. ஆனா முகம் காத்து போன பலூன் மாதிரி ஆயிடுச்சு. பாவமா இருந்துச்சு. மறுநாள் கொஞ்சம் கலர் அடிச்சேன். விசில் அடிச்சாரு. இன்னும் கொஞ்சம் அடிச்சேன். சிங்கம் ஸ்டிக்கர் குடுத்தாரு."

"காலையில ஏன் அடிக்கலை?"

"எழுந்ததும் அம்மா ஈரத்துணியால துடைச்சு விட்டுடுவாங்க. அப்புறம் வர்றது நர்ஸ் ஆன்ட்டி. அவங்களுக்கு எதுக்கு அடிக்கணும்? எது வந்தாலும் அவங்களுக்கு ஒண்ணுதான்."

"அது சரி, இடது கையில மட்டும் ஏன்?"

"வலது கையாலதானே எனக்கு வரைய வரும்?"

பெரிய டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"டாக்டர், உங்க களிம்பைத் தடவினது எந்தக் கைன்னு தெரியுமா? இதே இடது கைதான். இவ இன்னும் ஒரு வாரம் உங்க மேல பாவப்பட்டிருந்தா, உங்க களிம்பு போட்டாதான் சிவப்பு அதிகமாகுதுன்னு நிரூபிச்சே காட்டியிருப்பா!"

டாக்டர் பக்கத்திலிருந்த குழந்தைகள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதுவரை வந்தன.

"மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றார் பெரிய டாக்டரம்மா. "இந்தத் தடவை ஒரே ஒருத்தர்தான் அளக்கணும். அளக்கிற நேரத்துல இன்னொருத்தர் இந்த வார்டுப் பக்கமே வரக்கூடாது." சிறுமியிடம் திரும்பினார். "கை உன்னோடது. யார் அளக்கட்டும், நீயே சொல்லு."

டாக்டர் நாற்காலியில் இருந்தபடியே தன்னிடமிருந்த சிரிப்பிலேயே நல்ல சிரிப்பாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து யானை ஸ்டிக்கர் ஒன்றையும் எடுத்து நீட்டினார்.

நர்ஸ் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

சிறுமி யானையை வாங்கிக்கொண்டு, நர்ஸிடம் கையை நீட்டினாள்.