குள்ளனா, நெட்டையனா?

படத்தின் முடிவில் அந்தப் பெண் குள்ளனோடு போனாளா, நெட்டையனோடு போனாளா? சிவனேஸ்வரி லண்டனில் இருப்பதும் போவதும் கடைசியில் அதில் வந்து நின்றது.

குடிவரவு அலுவலகத்தில் கணவனையும் மனைவியையும் தனித்தனி அறையில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பதில்கள் பொருந்தாவிட்டால் பொய்க் கல்யாணம் என்று எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் மாதம் முடிவதற்குள் சிவனேஸ்வரிக்குக் கொழும்பு விமானம். போன வருடம் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தவள் அவள். திரும்பிப் போக வீடும் இல்லை, ஆளும் இல்லை.

அதிகாரி கத்தரின் எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல. யாருடைய பிரஷ் என்ன நிறம், கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் வாசுதேவனுக்கும் சந்தேகம்தான். மதுரையிலிருந்து வந்து ஒன்பது வருடமாக இந்த வேலை பார்ப்பவர். ஆளைப் பார்த்ததுமே எடைபோட்டுவிடுவேன் என்ற கர்வமும் கொஞ்சம் உண்டு. ஆனாலும் காலையில் கணவர் பாலேந்திரா தேநீர் இயந்திரத்தின் முன் நின்று, "உமக்குச் சீனி போடுறதோ?" என்று மனைவியைக் கேட்டு வாங்கிக் கொடுத்தது அவருக்குப் பிடித்திருந்தது. நம் ஆண்களில் எத்தனை பேர் அவ்வளவு செய்வார்கள்?

யாரும் பாடமாக்கியிராத ஒன்றைக் கத்தரின் கேட்டார். போன ஞாயிறு என்ன செய்தீர்கள்? ஸ்ட்ரெதத்தில் உள்ள தங்கள் வீட்டில் ஒன்றாக இருந்து தொலைக்காட்சியில் படம் பார்த்ததாக இருவருமே சொன்னார்கள்.

சினிமா பேசத் தொடங்கிய காலத்துக் கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம், இருபதே நிமிடம். பேக்கரியில் வேலை செய்யும் இரண்டு பையன்கள் முதலாளியின் மகளுக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருவன் தொப்பிக்குள் மற்றவன் தவளையை விடுகிறான். கடைசியில் குள்ளன் மாவுத் தொட்டிக்குள் விழுகிறான். அதுவரை இரண்டு பேர் சொன்னதும் அப்படியே பொருந்தியது.

பிறகு அவள் யாரோடு போனாள்? நெட்டையனோடு என்றார் பாலேந்திரா. குள்ளனோடு என்றாள் சிவனேஸ்வரி.

கத்தரின் பேனாவை மூடி வைத்தார். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, இரண்டு பேரில் யார் பொய் சொல்வது என்று கேட்கச் சொன்னார். வாசுதேவன் கேட்டதும் சிவனேஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது. வசமாக மாட்டிக்கொண்டாள் என்று அவர் நினைத்தார்.

பாலேந்திரா மனைவியின் பக்கம் திரும்பினார். "நீர் பாதியிலையே நித்திரையாப் போனீர். முடிவு உமக்கெப்பிடித் தெரியும்?"

"ஆர் நித்திரை? உங்கட குறட்டையிலை அவை கதைச்சதே எனக்குக் கேக்கேல்லை. அவள் குள்ளனோடதான் போனவள்."

"மாவுக்குள்ளை விழுந்தவனோட ஆரும் போவினமோ?"

"விழுந்தவனெண்டா விட்டிட்டுப் போறதோ? உங்கட புத்தி அப்பிடித்தான்."

அதற்குப் பிறகு பேச்சு படத்தை விட்டு எங்கெங்கோ போய்விட்டது. அடிப்பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு, அணைக்க மறந்த ஹீட்டர், அவருடைய தமக்கை எழுதிய கடிதம் என்று ஒன்று பாக்கியில்லாமல் வந்தது. மொழிபெயர்த்து மொழிபெயர்த்து வாசுதேவனுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் சிவனேஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

கத்தரின் சிரித்துவிட்டார். தனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது, இந்தச் சண்டையை யாராலும் பாடமாக்க முடியாது என்றார். கோப்பில் இரண்டு வரி எழுதி, சிவனேஸ்வரி இங்கேயே இருக்கலாம் என்று முத்திரை குத்தினார்.

வாசுதேவனுக்கு மனம் நிறைந்துபோனது. சந்தேகப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அவர் கீழே இறங்கி வந்தபோது இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். லூயிஷாம் பஸ் வந்தது. அங்குள்ள சிவன் கோயிலுக்குத்தான் போகிறார்கள் போலிருக்கிறது, இரண்டு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று கிட்டப் போனார்.

சிவனேஸ்வரி மட்டும் ஏறினாள். படியில் நின்று பாலேந்திராவைத் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஏசினதுக்குக் கோவிக்காதேங்கோ. வாறன், அண்ணை."