அணைத்த பிறகும்

"தூங்குற சிப்பு எதுக்குடி கரண்ட் குடிக்குது? நான் டீ குடிச்சிட்டு வந்து அதைப் பிடிக்கிறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கணவர் அலுவலகப் படியிறங்கினார். கடைசிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சிப் உருவாகும் முன்பே அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று மதிப்பிடும் மென்பொருளில்தான் இருவருக்கும் வேலை. துளி மின்சாரம் வீணானாலும் துருவித் துருவிக் கேட்பார் என்பதால் அலுவலகமே அவரைக் கஞ்சன் என்றுதான் கூப்பிடும்.

மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பியவள், அவர் பாதியில் விட்ட தேடல் நிரலை எழுதி முடித்துக் கணினியில் ஓட்டினாள். சிப்பின் எல்லாப் பகுதிகளையும் அணைத்துவிட்டு, அப்போதும் மின்சாரம் இழுப்பது எது என்று அது தேடியது.

ஒரே ஒரு வரி வந்தது. பகுதியின் பெயர் 'கஞ்சன்'. மூன்று மில்லிவாட்.

நாற்காலி பின்னால் உருண்டோட, துள்ளி எழுந்தாள்.

"சார், ஓடி வாங்க! கிடைச்சிட்டாரு!"

"கிடைச்சிருச்சுன்னு சொல்லும்மா" என்றபடி வந்த மேலாளர் திரையைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பேர்ல டிசைன்ல எதுவுமே இல்லையே. அழிச்சிடு. சாயங்காலம் ஃபேக்டரிக்கு அனுப்பணும்."

அழிக்கும் கட்டளையை அடித்தாள். 'அப்படி ஒரு பகுதி இல்லை' என்று பதில் வந்தது. மறுபடி தேடினாள். இருந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

"மூணுதானே, இருந்துட்டுப் போகட்டும் சார்."

மேலாளரும் அப்படியே அனுப்பிவிட்டார்.

இப்போதும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தச் சிப்பின் கோப்பைத் திறந்து தேடுகிறாள். மூன்று மில்லிவாட். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.