அண்ணன் தோட்டத்து மண்

“என் குளத்துல வந்து சேர்ற வண்டல், மேட்டுல இருக்கிற எங்க அண்ணன் தோட்டத்து மண்தான். அதை நீங்க எழுத்துல தரணும், மேடம்!” ஆய்வகத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் தம்பி.

“சந்தேகமே இல்லை. ரெண்டு மண்ணுலயும் செம்பு இருக்கு. திராட்சைக்குச் செம்பு கலந்த பூஞ்சை மருந்தை, உங்க குளத்துக்கு வர்ற ஓடைக்கரையில அவர் ஒருத்தர்தான் அடிக்கிறார்.” சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆய்வாளர் நிமிர்ந்தார். “கூடப்பிறந்தவர் மேலயே கேஸ் போடப் போறீங்களா?”

“கேஸா? மழையில அவர் தோட்டம் பாறை தெரிய அரிச்சுப்போச்சு. நாலு லாரி மண் அனுப்பினேன். ‘உன் மண்ணு எனக்கெதுக்கு’ன்னு திருப்பி விட்டுட்டார். அவ்வளவு ரோஷம்!”

சான்றிதழைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

“இப்ப அவர் மண்ணையே அனுப்பறேன். எப்படித் திருப்பறார்னு பார்க்கறேன்!”