ஆறு ஒற்றுமைகள்

"தனியா இருப்பானாம். யாராண்டையும் பேச மாட்டானாம். நம்ம மாடி ரூம்ல கீறானே, அவனேதான்!"

சுப்பிரமணி ஞாயிற்றுக்கிழமை இணைப்பை மனைவிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். தொடர் கொலைகாரர்களிடம் இருக்கும் ஒற்றுமைகளைக் கட்டம் கட்டி, எண் போட்டிருந்தார்கள்.

சந்திரம்மாள் கீரை ஆய்வதை நிறுத்தினாள். ஏரிக்கரையில் இந்த ஆறு மாதத்தில் இரண்டு பெண்களைப் பிணமாக எடுத்துவிட்டார்கள். இரண்டு பேருமே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்.

சுப்பிரமணி மேலே படித்தான். நேரங்கெட்ட நேரத்தில் வருவான். அடிக்கடி இடம் மாறுவான். தேடி ஒருத்தரும் வரமாட்டார்கள். ஆறாவது, பார்வைக்குப் பரம சாது.

அத்தனையும் மாடி ரூம் மாரிசெல்வத்துக்குப் பொருந்தின. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். குடிவந்த நாலு மாதத்தில் "சரிக்கா" தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்தக் கணக்குக்கு ஒரகடம் வரை கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிற பையன்கள் எல்லோரையுமே பிடித்து உள்ளே போடவேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கொலுசு குலுங்க எழுந்துபோய், மாடிப்படிக் கதவைத் தாழிட்டாள்.

"சாயந்திரம் ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்துடறேன்" என்று பேப்பரை மடித்துவைத்துவிட்டு அவன் வேன் கழுவப் போனான். ஹாஸ்டல் பெண்களைக் கம்பெனிக்கு ஏற்றிப்போகும் வேன். அந்தப் பெண்களுக்கெல்லாம் அவன் அண்ணன். இவன் வீட்டில் இருக்க நமக்கென்ன பயம் என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கீரைக்காம்பைக் கொட்ட அதே பேப்பரை விரித்தாள்.

கட்டத்தில் ஏழு வரை இருந்தது.

ஏழாவதை அவன் படிக்கவில்லை. அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கூட்டினாள்.

'கொல்லப்பட்டவரின் சிறு பொருள் ஒன்றை எடுத்து வருவார்கள். சிலர் அதை வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்து, போட்டிருப்பதைப் பார்த்து ரசிப்பார்கள்.'

அவள் கை மூக்குத்திக்குப் போனது.

கம்பெனியில் மெஷின் லைனுக்குள் நகை போடக்கூடாது. கழற்ற மறந்து வருகிற பெண்கள் வேனிலேயே கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, ஷிப்டு முடிந்ததும் வாங்கிக்கொள்வார்கள். வாங்காமலே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டவளின் மூக்குத்தி அது என்றான். வந்து கேட்டால் கொடுத்துக்கலாம், நீ போட்டுக்கொள் என்றான். கொலுசுக்கும் அதையேதான் சொன்னான்.

ஏரிக்கரையில் கிடைத்தவர்கள் இரண்டு பேர்.

அவள் காதில் ஆடிய ஜிமிக்கி மூன்றாவது; போன வியாழக்கிழமை வந்தது.

அவளால் இருந்த இடத்தை விட்டு அசைய முடியவில்லை.

வெளியே குழாய்ச் சத்தம் நின்றது.

"இன்னாடி, கொலுசு சத்தத்தையே காணோம்?"

சந்திரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்கும் கூடத்துக்குமாக, அவனுக்குக் கேட்கும்படி நடக்க ஆரம்பித்தாள்.