ஒன்பது பேர்தான் மேடம்

விஜயலக்ஷ்மி மேடம் முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றியா, கழிப்பறையைப் பற்றியா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம். குரல்கள் அப்படியே இருக்கின்றன; வரிசைதான் குழம்பிவிட்டது. ஆனால் இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அவர் கேட்டதும், அதற்கு முதலாளி மாசானம் அண்ணாச்சி சொன்ன பதிலும் மறக்கவில்லை.

"ஒன்பது பேர்தான் மேடம். நீங்களே எண்ணிப் பாத்துக்கிடுங்க."

தாராவியில் எங்கள் பட்டறை பயணப்பெட்டிகளுக்குத் தோல் கைப்பிடி செய்தது. பெட்டி செய்வது பெரிய கம்பெனி, வெளிநாட்டுக்கெல்லாம் விற்கிறவர்கள். தங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் இடங்களில் ஆட்கள் ஒழுங்காக நடத்தப்படுகிறார்களா என்று பார்க்க வருஷம் ஒருமுறை ஆள் அனுப்புவார்கள். அதில் தவறினால் ஆர்டர் அன்றோடு நின்றுவிடும். எங்களுக்கு வேறு ஆர்டர் கிடையாது.

மேடம் மாட்டுங்காவில் பிறந்தவராம், தமிழிலேயே பேசினார். அரை மணி நேரத்தில் முடித்துவிடுவதாகச் சொல்லித்தான் உட்கார்ந்தார். மே மாதம், காலை பதினோரு மணி.

"பசை வாடை அடிக்கறதே? இங்கே ஒட்டற வேலை உண்டா?"

"முன்ன இருந்துச்சு மேடம். அது ஆளுகளுக்கு ஆவாதுன்னு கம்பெனியில வேண்டாம்னுட்டாவ. இப்ப வெளிய குடுத்து ஒட்டி வாங்குதோம். வாடை மட்டும் சுவத்த விட்டுப் போவ மாட்டேங்கு."

"சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடறேள்?"

"ஒரு மணி நேரம்."

"கேட்டியாட்டி, ஒரு மணி நேரமாம்!" என்றாள் செண்பகவல்லி, தையல் மெஷினை நிறுத்தாமலே. "மேடம், நீங்க தெனமும் வாங்க. நாங்களும் சோத்த மென்னு திங்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியின் சிரிப்புதான் கடைசியில் ஓய்ந்தது. அந்தச் சிரிப்பில் மேடத்துக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

"கேட்டாச்சுல்லா?" என்றாள் தங்கமயில். ஆறு வருஷமாக அங்கே தைப்பவள், அதிர்ந்து பேசமாட்டாள். "எழுதிட்டுக் கெளம்புங்க மேடம். எங்களுக்குச் சோலி கெடக்கு."

"ஏட்டி, மரியாதயாப் பேசு" என்று அதட்டினார் அண்ணாச்சி.

அதட்டியிருக்கக் கூடாது. மேடம் ஸ்டூலைத் தங்கமயில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்கே உங்களை யாராவது மிரட்டறாளா?"

தங்கமயிலின் மெஷின் ஒரு கணம் நின்றது, பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. அவள் எதையோ மறைக்கிறாள் என்று மேடம் புரிந்துகொண்டார். நல்லவர். புரிந்துகொண்டதால்தான் அப்படிச் செய்தார்.

"மாசானம் சார், நீங்க வெளியே போய் ஒரு சாய் குடிச்சுட்டு வாங்கோ. எல்லாரும் மெஷினை நிறுத்துங்கோ. ஒவ்வொருத்தரா பேசிக்கறேன். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை."

மெஷின்கள் நின்றன. எங்கள் பட்டறையில் பகலில் அப்படியோர் அமைதி இருந்ததே இல்லை. சந்தில் யாரோ செருப்பை உதறுவதுகூடக் கேட்டது.

ஒன்பது பேரும் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள். ஜன்னல் உண்டு. லீவு உண்டு. ஆஸ்பத்திரிக் கார்டு உண்டு. மேடம் அதே கேள்விகளை வேறு வேறு விதமாக, அவசரப்படாமல் கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தங்கமயிலைக் கடைசியாகக் கூப்பிட்டார்.

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"இசக்கிராஜ்னு பேரு. பசை ஒட்டுத வேல."

"உடம்புக்கு ஆகாதே அது."

"ஆவாதுதான். இருமித் தள்ளுதாவ."

"எங்கே ஒட்டறார்? அந்த இடத்தை நான் பார்க்கலாமா? அவரோடயும் பேசணும்."

"வேண்டாம் மேடம்." அவள் குரல் உடைந்தது. "வெளிய எங்கனயோ... நீங்க போங்க. நல்லாருப்பிய, இப்பமே போயிருங்க மேடம்."

"பயப்படாதேங்கோ. உங்களுக்காகத்தானே வந்திருக்கேன்?" என்றார் மேடம். அவள் அழுது ஓயும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அது இன்னொரு கால் மணி நேரம்.

பட்டறை தேறியது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அண்ணாச்சிக்கு அந்தக் கம்பெனியிலிருந்து இப்போது இரண்டு மடங்கு ஆர்டர் வருகிறது. விஜயலக்ஷ்மி மேடம் முலுண்டிலிருந்து ட்ரெயினில் வந்து அதே வேலையை அதே அக்கறையோடு பார்க்கிறார் என்கிறார்கள். செண்பகவல்லியை மறுவாரமே நிறுத்திவிட்டார்கள், காட்கோபரில் தைக்கிறாள். புருஷன் சாம்பலோடு வள்ளியூருக்கு ரயிலேறிய தங்கமயில் திரும்பி வரவில்லை. நான் செம்பூரில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன்.

அன்று மேடத்தின் செருப்புச் சத்தம் சந்து முனையில் தேய்ந்த பிறகு, அண்ணாச்சி ஏணியைச் சாத்தி ஏறி, பரண் கதவின் பூட்டைத் திறந்தார். கொதிக்கும் தகரக் கூரைக்குக் கீழே, பசை டின்களுக்கு நடுவே, நாங்கள் ஆறு பேர் குனிந்து உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏலே நயினாரு, இசக்கி வாயிலேருந்து கைய எடுல, மேடம் போயாச்சு."