வெள்ளிக்கிழமைக்குள்

"போன்ல ரெண்டு தடவை கேட்டாச்சு. இப்ப நேர்லயும் வந்தாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கும்மா என்னை நாயா அலைய விடுவீங்க?"

கணக்கு வாத்தியார் மேஜையில் அடித்த அடியில் பேனா டப்பா எகிறிக் கீழே விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். கல்வி அலுவலகக் கிளார்க் அம்மா மட்டும் பதறவில்லை. குனிந்து ஒவ்வொரு பேனாவாகப் பொறுக்கினார்.

வாத்தியாரின் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்ததால், மூன்று மாதத்துக்கு முன் குடும்பத்தோடு மாநிலம் மாறி வந்திருந்தார்கள். பத்தொன்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர் என்று இங்கே யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. வகுப்பறைக்குள் கால் வைக்க வேண்டுமானால் இந்த மாநிலத்தின் உரிமச் சான்று வேண்டுமாம். டிகிரி நகல், போலீஸ் சான்று, பத்து விரல் ரேகை என்று கேட்டதையெல்லாம் கொடுத்தாயிற்று. வரவேண்டிய ஒற்றைக் காகிதம்தான் வந்தபாடில்லை.

மகள் படிக்கிற பள்ளியிலேயே கணக்குக்கு ஆள் இல்லை. "உங்களுக்காகத்தான் சார் இந்த இடத்தைக் காலியா வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சான்று கைக்கு வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தார். இன்று வெள்ளிக்கிழமை.

வீட்டில் கொஞ்ச நாளாகவே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சாயங்காலம் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், எட்டாவது படிக்கிற மகள் மாடிப்படி தடதடக்க இறங்கி ஓடுவாள். திரும்பி வந்து, "இன்னைக்கும் இல்லப்பா" என்பாள்.

"பாத்தியா? எம்பொண்ணுக்கு இருக்கிற அக்கறையில கால்வாசி இருக்கா இந்த ஆபீஸ்காரங்களுக்கு?" என்று மனைவியிடம் குதிப்பார். பகல் டியூட்டி முடிந்து வந்த களைப்பில் அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டுவாள்.

"கத்தி முடிச்சாச்சா சார்?" கிளார்க் அம்மா கடைசிப் பேனாவை டப்பாவில் போட்டார். "ரெண்டு தடவையும் போன் எடுத்தது நான்தான். அனுப்பியாச்சுன்னு சொல்ல வாயைத் திறந்தேன். நீங்க 'எல்லாரும் திருடனுங்க'ன்னு கத்திட்டு வச்சிட்டீங்க."

"அனுப்பினா வந்திருக்காதா? காத்துல கரைஞ்சுடுச்சா?"

"அஞ்சு வாரத்துக்கு முன்னாடியே ரிஜிஸ்டர் தபால்ல போயிடுச்சு. உங்க வீட்லதான் வாங்கியிருக்காங்க. கையெழுத்தைப் பாத்துக்குங்க." கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

எவன் வாங்கினான் என்று கேட்கத்தான் வாத்தியார் வாயெடுத்தார். அதற்குள் திரையிலிருந்த கையெழுத்து கண்ணில் பட்டது. கொம்பு நீண்ட முதலெழுத்து, அடியில் இரண்டு கோடு. சமையலறை மேஜையில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே சொல்லிக்கொடுத்த கையெழுத்து.

கிளார்க் அம்மா பத்தே நிமிஷத்தில் நகல் எடுத்து, முத்திரை குத்தி நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பினார் வாத்தியார். பஸ் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார்.

மகள் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க வச்சிருக்க அதை?"

எதை என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய்ப் படுக்கைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்து நீட்டினாள். ஒட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

"அஞ்சு வாரம்! அப்பன் வேலையில்லாம உக்காந்து கண்டவன்கிட்டயும் கெஞ்சுறதை வேடிக்கை பாத்துக்கிட்டே இருந்திருக்க. இன்னைக்கும் இல்லப்பான்னு வாய் கூசாமச் சொல்லியிருக்க! ஏன்? சொல்லு! இப்பவே சொல்லணும்!"

வழக்கமாக இந்தக் குரலுக்கு அவள் ஒடுங்கிப்போவாள். இன்று ஒடுங்கவில்லை. அவர் கத்தியதற்குக் கொஞ்சமும் குறையாமல் அவளும் கத்தினாள்.

"பழைய ஸ்கூல்ல நீங்க பசங்களை முட்டி போட வச்சீங்களே, திட்டித் திட்டி அழ வச்சீங்களே, அவங்க எல்லாம் அந்தக் கோவத்தை யார்கிட்டக் காட்டினாங்கன்னு நினைக்கிறீங்க? உங்ககிட்டயா? மூணு வருஷம்ப்பா! ஒருத்தர்கூட என் பக்கத்துல உக்காந்து சாப்பிடல. என் நோட்டுல மையை ஊத்தினாங்க, பையை பாத்ரூம்ல போட்டாங்க. உங்ககிட்டச் சொன்னா அதுக்கும் சேத்து அவங்களை முட்டி போட வைப்பீங்க. அப்புறம் அதுவும் என் தலைலதான் விடியும்!"

மூச்சு வாங்கியது அவளுக்கு. "இங்க எனக்கு நாலு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. எங்கப்பா என்ன பண்றார்னுகூட அவங்களுக்குத் தெரியாது."

வாத்தியாருக்குக் கை பரபரத்தது. பொய் சொன்னதற்கு இரண்டு போடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தக் கையில்தான் முத்திரை குத்திய நகல் இருந்தது. மகள் யூனிஃபார்ம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடி விழட்டும் என்பது போல நின்றாள்.

செல்போன் அடித்தது. தலைமையாசிரியை.

"சார், மணி அஞ்சு ஆகப்போகுது. என் மேஜையில இன்னொருத்தரோட அப்ளிகேஷன் காத்திட்டிருக்கு. உங்க சான்று வந்துச்சா, இல்லையா?"

"வந்துடுச்சு மேடம்." குரலில் சூடு இன்னும் இறங்கவில்லை. யார் மேல் அந்தக் கோபம் என்பதுதான் அவருக்கே பிடிபடவில்லை. மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ஆனா, உங்க ஸ்கூலுக்கு நான் வரல."