‘மற’ என்றொரு கட்டளை

பிற்பகல் வெயில் ஜன்னல் இடுக்கு வழியே மூன்று டீக் கோப்பைகள்மேல் விழுகிறது. ஊழியர் பட்டியலைக் கையாளும் கருவியில், ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுக்கும் கட்டளைக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. பலகையில் ‘நீக்கு’, ‘அழி’ இரண்டையும் அடித்துவிட்டு ‘மற’ என்று எழுதி வட்டமிடுகிறான் நெட்டையன். “பேரைப் பாத்தாலே என்ன செய்யும்னு தெரியணும்க்கா. இதுல சந்தேகமே வராது.” குழுத்தலைவி அக்கா பக்கத்து மேசைக்காரியைப் பார்த்துச் சிரிக்கிறாள். “சோதிக்கிறவங்க அவங்க பேரை வச்சுத்தான் சோதிக்கணும். நம்ம வழக்கம் தெரியும்ல?” “அதுக்கென்ன!” அவன் ‘மற’ என்று தட்டி, பக்கத்தில் தன் பெயரையும் தட்டி, என்டரை அழுத்துகிறான். கறுப்புத் திரையில் ‘முடிந்தது’ என்று பச்சை எழுத்து வருகிறது. ஏசி இரைகிறது. ஆளில்லாத சுழல்நாற்காலி ஒன்று மெல்லச் சுற்றி நிற்கிறது. “யாருடி மூணாவது டீ சொன்னது? நாம ரெண்டு பேர்தானே?” என்கிறாள் அக்கா. பக்கத்து மேசைக்காரி உதட்டைப் பிதுக்குகிறாள். அந்தக் கோப்பையில் இன்னும் ஆவி எழுகிறது. அக்கா பலகையைப் பார்க்கிறாள். “அது உன் கையெழுத்தா?” “இல்லக்கா. உங்களதுன்னு நெனச்சேன்.” “யாரு எழுதினா என்ன, நல்ல பேரு. ஒரு தடவ சோதிச்சுப் பாத்துடறேன்.” கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ‘மற’ என்று தட்டி, அக்கா தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டுகிறாள்.